பனிமலை சொல்லாமல் சரிவதில்லை

(கட்டுமானத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சித்திரை வெயிலில் சாரத்தில் நின்று வேலை செய்கிற நமக்குப் பனிமலை சரிவதைப் பற்றிய பேச்சு எதற்கு என்று இரண்டொருவர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2025 பிப்ரவரி 28ஆம் தேதி காலை. உத்தராகண்ட் மாநிலத்தில், பத்ரிநாத்துக்கு அப்பால், திபெத் எல்லைக்கு அருகே மாணா என்றொரு கிராமம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,200 மீட்டர் உயரம். எல்லைச் சாலை அமைப்பின் வேலைக்கு வந்த தொழிலாளிகள் அங்கே கண்டெய்னர் பெட்டிகளில் தங்கியிருந்தார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். மேலேயிருந்து சரிந்து வந்த பனி அந்தப் பெட்டிகளை உருட்டிப் புதைத்தது. 54 பேர் சிக்கினார்கள். ராணுவத்தாரும் மீட்புப் படையினரும் 46 பேரை உயிருடன் காப்பாற்றினார்கள். 8 பேர் மாண்டார்கள்.

அவர்கள் யார்? சாலை போடுகிறவர்கள். நம்மைப் போன்றவர்கள். ஊரை விட்டு வேலைக்காகப் போனவர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், 19,000 அடிக்கு மேலிருந்த ஒரு காவல் நிலையின் மீது பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மதராஸ் ரெஜிமெண்ட்டின் 19ஆவது பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் ஆறாம் நாள் உயிருடன் கிடைத்தார். அவரும் பிப்ரவரி 11ஆம் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் காலமானார்.

ஆகவே பனிமலை நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. வேலை எங்கே அழைத்துப் போகிறதோ, அங்கே உள்ள அபாயம் நம்முடைய அபாயம்.

இப்படி ஒன்று நடந்தால் மறுநாள் என்ன சொல்கிறார்கள்? "இயற்கையின் சீற்றம்" என்கிறார்கள். "விதி" என்கிறார்கள். சீற்றம் என்றால் காரணம் கேட்க முடியாது. விதி என்றால் பொறுப்பாளி கிடையாது. விஞ்ஞானம் இந்த இரண்டையும் ஏற்பதில்லை. பனி சரிவதற்குக் காரணங்கள் உண்டு, அந்தக் காரணங்களுக்கு அடையாளங்கள் உண்டு என்கிறது விஞ்ஞானம். அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

சுவரும் பூச்சும்

இங்கே கொத்தனார்கள் இருக்கிறீர்கள். சுவரைக் கொத்திவிட்டு, தண்ணீர் தெளித்து, பிறகு பூசினால் பூச்சு பிடிக்கும். தூசி படிந்த சுவரில் அப்படியே பூசினால் என்ன ஆகும்? அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் யாரோ ஆணி அடிப்பார்கள். அடித்த இடம் மட்டுமா பெயரும்? சுற்றிலும் ஒரு முழம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

மலைச்சரிவில் பனி படிவதும் இதே கதைதான். குளிர்காலம் முழுவதும் பனி ஒரே நாளில் கொட்டிவிடுவதில்லை. ஒரு புயலுக்கு ஒரு பூச்சு; மறு புயலுக்கு மறு பூச்சு. அப்படி ஐந்தாறு, பத்துப் பூச்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிகின்றன. அடிப்பூச்சு மேல்பூச்சைப் பிடித்துக்கொண்டால் மலை நிற்கும். நடுவிலே ஒட்டாத படலம் ஒன்று மாட்டிக்கொண்டால் மலை சரியும்.

அந்த ஒட்டாத படலம் எப்படி உண்டாகிறது? முக்கியமாக மூன்று வழிகள்.

முதலாவது, உறைபனி. ஊட்டியில் மார்கழி, தை மாதக் காலைகளில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் அல்லவா? மேகமில்லாத இரவில் தரையின் உஷ்ணம் வானத்துக்குப் போய்விட, காற்றிலுள்ள ஈரம் புல்லின் மேல் நேராக உறைகிறது. பனிமலையிலும் அதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே இறகு இறகாக, விரற்கடை உயரத்துக்குக்கூட வளரும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு! அதன் மேல் புதுப்பனி விழுந்துவிட்டாலோ, அட்டை வீட்டின் மேல் பாறாங்கல்லை வைத்த கதைதான்.

இரண்டாவது, சர்க்கரைப் பனி. குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும். மண் இளஞ்சூடாக இருக்கும். மேலே காற்று கடும் குளிராக இருக்கும். கீழிருந்து ஆவி மேல்நோக்கிப் போகும். போகிற வழியில் பனித்துகளின் உருவத்தையே மாற்றிவிடும். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த துகள்கள் சர்க்கரை மணிகளாகிவிடுகின்றன. கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிரும். அது எத்தனை பாரத்தைத் தாங்கும்?

மூன்றாவது, பொறுக்கு. மழை பெய்தோ வெயில் அடித்தோ மேற்பரப்பு நனைந்து, இரவில் உறைந்தால் கண்ணாடி போன்ற பொறுக்கு உண்டாகும். அடுத்த பனி அதன் மேல் சரியாகப் பிடிப்பதில்லை. பொறுக்கை ஒட்டிச் சர்க்கரைப் பனியும் வளர்ந்துவிட்டால் அபாயம் இரட்டிப்பாகிறது.

இப்படிப்பட்ட படலத்தின் மேல் கெட்டியான பனிப்பாளம் கிடக்கிறது. அதன் மேல் ஒருவர் கால் வைக்கிறார். கீழே படலம் நொறுங்குகிறது. நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் பரவுகிறது. மேலே பாளம் முழுவதும் வெடித்துக் கழன்று கிளம்புகிறது. மலையேறுபவர்களும் பனிச்சறுக்குவோரும் மாளுகிற சரிவுகளில் பெரும்பாலானவை இந்தப் பாளச் சரிவுகளே. அவற்றிலும் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது மாண்டவரின் காலோ, அவர் கூட்டாளியின் காலோதான்.

எந்த மலை, எந்த நாள்?

எல்லா மலையும் சரிவதில்லை. முப்பது டிகிரிக்குக் குறைவான சாய்வில் பாளம் கழன்று ஓடுவது அபூர்வம். மிகவும் செங்குத்தான இடத்தில் பனி தங்குவதே இல்லை. விழ விழ உதிர்ந்துவிடும். 30 டிகிரி முதல் 45 டிகிரி வரைதான் ஆபத்தான சாய்வு. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய 30, 35 டிகிரி என்று உங்களுக்குத் தெரியும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும் அந்தச் சாய்வுதான் ஆளைக் கொல்கிறது.

சாய்வை அறிந்த பிறகு நாளைப் பார்க்க வேண்டும். கடந்த ஒரு நாளில் கனத்த பனி பொழிந்ததா? காற்று அடித்ததா? காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி, மலையின் மறுபக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும். வானத்திலிருந்து ஒரு துளி விழாமலே ஒரு சரிவில் பாரம் ஏறிவிடும். திடீரென்று உஷ்ணம் ஏறியதா? மழை பெய்ததா? இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

மலையும் தன் வாயால் சொல்கிறது. பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் இருந்தால், அது ஒரு எச்சரிக்கை. நடக்கும்போது காலைச் சுற்றி விரிசல் ஓடினால், அது இரண்டாவது எச்சரிக்கை. பனிக்குள்ளிருந்து "தும்" என்று வெற்றுப்பானை உடைவது போலச் சத்தம் கேட்டால், அது கடைசி எச்சரிக்கை; கீழே படலம் நொறுங்குகிற சத்தம் அது.

சந்தேகமிருந்தால் குழி தோண்டிப் பார்க்கும் முறையும் உண்டு. பனியைச் சுவர் போல வெட்டி, அதில் ஒரு தூணைத் தனியாகப் பிரித்து, மேலே மண்வாரியின் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து தட்டு; முழங்கையிலிருந்து பத்து; தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்தப் படலத்தில் தூண் வழுக்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பூச்சைத் தட்டிப் பார்க்கிற கொத்தனாரின் புத்திதான் இது. வேறு மந்திரம் இல்லை.

பத்து நிமிடக் கணக்கு

புதைந்தவர் கதி என்ன? புதுப்பனி பஞ்சு போன்றது. ஆனால் சரிந்து, உருண்டு, அரைபட்டு நின்ற பனி கான்கிரீட் போல இறுகிவிடும். ஒரு கன மீட்டர் 300, 400 கிலோ இருக்கும். அதாவது ஆறு முதல் எட்டு சிமெண்ட் மூட்டை. விரலைக்கூட அசைக்க முடியாது. பெரும்பாலோர் குளிரால் சாவதில்லை. மூச்சு முட்டிச் சாகிறார்கள்.

புதைந்து பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்துவிட்டால் பத்தில் மூன்று பேர் பிழைப்பதே அரிது. ஆகவே பட்டணத்திலிருந்து மீட்புப் படை வருவதற்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. பக்கத்திலிருக்கும் கூட்டாளிதான் காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தான் மலைக்குள் போகிறவர்கள் ஒவ்வொருவரும் சமிக்ஞை அனுப்பும் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றையும் உடன் கொண்டு போகிறார்கள். மாணாவில் பலர் நெடுநேரம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், கண்டெய்னர் பெட்டிக்குள் அடைபட்டிருந்த காற்று.

ஒரு கணவாயின் கதை

இப்போது உங்களைக் கனடா நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் செல்கிர்க் மலைத்தொடரில் ரோஜர்ஸ் கணவாய் இருக்கிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் பத்து மீட்டர் பனி கொட்டுகிறது. 1885இல் கனடியன் பசிபிக் ரயில் கம்பெனி அந்தக் கணவாய் வழியே தண்டவாளம் போட்டு முடித்தது. கரைக்குக் கரை நாட்டை இணைத்துவிட்டோம் என்று கொண்டாடினார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தத் தண்டவாளத்தைத் தோண்டி வெளியே எடுத்தது யார்? கூலித் தொழிலாளிகள்.

1910 மார்ச் 4ஆம் தேதி இரவு. கியோப்ஸ் என்னும் மலையிலிருந்து பனி சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. பனிவாரும் எஞ்சினோடு தொழிலாளிகள் அனுப்பப்பட்டார்கள். வேலை முடிகிற தறுவாயில், நள்ளிரவுக்குச் சற்று முன்பு, எதிர்ப்புற மலையிலிருந்து இரண்டாவது சரிவு வந்தது. 58 பேர் மாண்டார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். தொண்ணூறு டன் எஞ்சினையே தூக்கி எறிந்தது அந்தப் பனி.

இதைக் கவனியுங்கள். முதல் சரிவே ஒரு எச்சரிக்கைதான். ஒரு மலை சரிந்தால், அதே புயலில் அதே பாரம் ஏறிய எதிர்மலையும் சரியக்கூடும். ஆனால் அன்று ரயில் ஓட வேண்டும் என்ற உத்தரவு இருந்தது. மலையைப் பார்த்து "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவர் அங்கே இல்லை. அந்தக் கணவாயில் 1885 முதல் 1916 வரை பனிச்சரிவுக்கு இரையான ரயில் தொழிலாளிகள் இருநூறுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். கடைசியில் கம்பெனி மலையைக் குடைந்து எட்டுக் கிலோமீட்டர் சுரங்கம் வெட்டியது. 1916இல் ரயில் அதற்குள் ஓடத் தொடங்கியது.

பிறகு அதே கணவாய் வழியே நெடுஞ்சாலை போட வேண்டி வந்தது. இம்முறை வேறுவிதமாக வேலை நடந்தது. சாலை போடுவதற்கு முன்பே பல குளிர்காலங்கள் பனியைப் படித்தார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பீட்டர் ஷேரர் என்ற பொறியாளர் அதில் முக்கியமானவர். எந்த மலையில் எந்தத் தடத்தில் பனி இறங்குகிறது என்று வரைந்தார்கள். நூற்று முப்பதுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்தன! சில இடங்களில் சாலைக்கே கூரை போட்டார்கள். சில இடங்களில் பனியைத் தடுக்க மண் மேடுகள் எழுப்பினார்கள். 1962இல் சாலை திறக்கப்பட்டது. அன்று முதல், சரிவில் பாரம் ஏறும்போது சாலையை மூடிவிட்டு, ராணுவத்தார் பீரங்கியால் சுட்டுப் பனியைத் தாமாகவே இறக்கிவிடுகிறார்கள். பிறகே வண்டி விடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பனியைப் படித்தவர் "இன்று மூடு" என்றால் சாலை மூடப்படுகிறது. லாரிகள் வரிசையாக நிற்கட்டும், சரக்கு தாமதமாகட்டும். 1910இல் இல்லாத அந்த அதிகாரம் இன்று இருக்கிறது.

அறிவு இருந்தும்…

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. 2003 பிப்ரவரி 1ஆம் தேதி, அதே கணவாய்க்கு அருகே, சாலையை விட்டு விலகிய ஒரு பள்ளத்தாக்கில், பதினேழு பேர் பனிச்சறுக்குக் கட்டைகளில் போய்க்கொண்டிருந்தார்கள். பதினான்கு பேர் பள்ளி மாணவர்கள். அவர்கள் எந்தச் சரிவிலும் ஏறவில்லை, அடிவாரத்தில்தான் போனார்கள். மேலே அதே கியோப்ஸ் மலையிலிருந்து பனி தானாகக் கழன்று வந்தது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். எதிர்ச்சரிவிலிருந்த மலை வழிகாட்டிகள் இருவர் கண்டு கூவி, ஓடி வந்து தோண்டாவிட்டால் இன்னும் பலர் போயிருப்பார்கள்.

சென்ற நவம்பரில் பெய்த மழையால் பொறுக்கு ஒன்று உண்டாகியிருந்தது. அதைப் பனியாளர்கள் அறிந்திருந்தார்கள். அன்றைய அபாய அறிவிப்பும் வெளியாகியிருந்தது. ஐந்து படிகளில் மூன்றாவது படி. இந்த மூன்றாவது படியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாவது படி என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மூன்றாவது என்றதும், "நடுத்தரம்தானே" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே மலைகளில் சாவு மிகுந்த படிகளில் ஒன்று இந்த மூன்றாவது படிதான்! அறிவிப்பு வெளியாவது வேறு. அதன் பொருள் சம்பந்தப்பட்டவர் மனத்தில் இறங்குவது வேறு.

அந்தக் குளிர்காலத்தில் கனடாவில் 29 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பிள்ளைகளை இழந்த பெற்றோர்களும் பொதுமக்களும் கேள்வி எழுப்பினார்கள். விளைவு? 2004இல் நாடு முழுவதற்கும் பொதுவான பனிச்சரிவு மையம் ஏற்பட்டது. பாதைகளை "எளிது, கடினம், மிகக் கடினம்" என்று சாதாரண மனிதனுக்குப் புரியும் மூன்று வகையாகப் பிரித்து வெளியிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளை மிகக் கடினமான இடங்களுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று விதி வந்தது. கேள்வி கேட்டதால் வந்த விதி அது.

நாம் கேட்க வேண்டியது

இனி மாணாவுக்குத் திரும்புவோம். நம் நாட்டிலும் பனியைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1969இல் மணாலியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அது 2020இல் வேறொரு ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, சண்டீகரில் வேறு பெயரில் இயங்குகிறது. அந்த நிலையம் பிப்ரவரி 27ஆம் தேதி மாலையிலேயே சமோலி முதலிய மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்தது. மறுநாள் காலை சரிவு வந்தபோது தொழிலாளிகள் 3,200 மீட்டர் உயரத்தில் அந்த முகாமிலேயே இருந்தார்கள். இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"எந்த மலை, எத்தனை மணிக்கு என்று விஞ்ஞானம் சொல்லுமா?" என்று கேட்பார்கள். சொல்லாது, சொல்ல முடியாது. ஒரு பள்ளத்தாக்கில் இன்று அபாயம் எவ்வளவு என்றுதான் சொல்லும். அது போதாதா? பழைய சாரம் எந்த நிமிடத்தில் முறியும் என்று உங்களாலும் சொல்ல முடியாது. முறியக்கூடிய சாரத்தில் ஆளை ஏற்றக் கூடாது என்று மட்டும் தெரியும். அந்த அறிவே ஆளைக் காப்பாற்றும்.

ஆகவே மலையில் வேலை செய்கிற தொழிலாளிக்கு நான்கு விஷயங்கள் கிடைக்க வேண்டும். முதலாவது, முகாம் போடும் இடத்தைப் பனித்தடத்தின் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வேலைக்குப் பக்கம், சாலைக்குப் பக்கம் என்பது மட்டும் காரணமாகக் கூடாது. இரண்டாவது, மாலையில் வரும் எச்சரிக்கை அதிகாரியின் மேஜையோடு நிற்காமல், தொழிலாளியின் பாஷையில் அன்றிரவே முகாமை எட்ட வேண்டும். மூன்றாவது, அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் கீழே இறங்கும் உரிமை வேண்டும். அந்த நாட்களுக்குக் கூலியும் வேண்டும். கூலி இல்லாத உரிமையை எந்த ஏழையும் அனுபவிக்க முடியாது. நான்காவது, கருவியும் பயிற்சியும் முகாமிலேயே இருக்க வேண்டும். பத்து நிமிடக் கணக்கை மறக்காதீர்கள்.

இவை நடக்கக்கூடியவைதாம் என்பதற்கு ரோஜர்ஸ் கணவாயே சாட்சி. 1910இல் இரவில் மண்வாரியோடு ஆட்களை அனுப்பிய அதே இடத்தில், இன்று மலை பாரம் ஏறினால் வண்டியே ஓடுவதில்லை. மலை மாறவில்லை, பனி குறையவில்லை, மனிதர்கள் தங்கள் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டார்கள்.

தோழர்களே, நம் ஊர்களிலிருந்து இளைஞர்கள் இனியும் வடக்கே போவார்கள். சிலர் பட்டாளத்துக்கு, சிலர் சுரங்க வேலைக்கு, சிலர் மலையேறிப் பார்க்கும் ஆசையில். போகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் கிளம்புகிறவனிடம் மாடிப்படியின் சாய்வைக் காட்டிச் சொல்லுங்கள்: "தம்பி, இந்தச் சாய்வுக்குக் கீழே கூடாரம் போடாதே. பனிக்குள்ளே தும்மென்று சத்தம் கேட்டால் மேலே போகாதே. எச்சரிக்கை என்ன என்று தினமும் கேள். கேட்பது உன் உரிமை."

பனிமலை சொல்லாமல் சரிவதில்லை. அது சொல்வதைக் கேட்டவர்கள், கீழே உறங்குகிறவனிடம் வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு விதி என்று பெயர் வைப்பதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.